அறுபடாத அளவீடு: கரைக்கடல் மிதவைகள் சொல்வதும் சொல்லாததும்

மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் லூசியானா கரையோரத்தில் ஒவ்வொரு கோடையிலும் அடிநீரின் ஆக்சிஜன் வற்றிப்போகிறது. வயலில் இட்ட உரம் ஆற்றோடு வந்து பாசியைப் பெருக்குகிறது. பாசி மடிந்து அடியில் அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. இந்தச் செத்த நீரின் பரப்பை 1985 முதல், ஏறக்குறைய எல்லா ஆண்டும், கோடை நடுவில் ஆய்வுக் கப்பலில் போய் அளந்து வருகிறார்கள். 2020இல் அது சுமார் 17,000 சதுர கி.மீ. இருக்கும் என்று முன்கணித்தார்கள். அளந்தபோது கிடைத்ததோ 5,500 சதுர கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உழவர்கள் உரத்தைக் குறைத்துவிட்டார்களா, ஆறு தெளிந்துவிட்டதா என்றால் இரண்டும் இல்லை. அந்த ஜூலையில் ஹன்னா புயல் வளைகுடாவைக் கலக்கி, மேல்நீரின் ஆக்சிஜனைக் கீழே இறக்கிவிட்டிருந்தது. அளவில் பிழையில்லை, அளந்த வாரம் அப்படி வாய்த்தது. ஆண்டு முழுவதற்கும் பேசவேண்டிய ஓர் எண், ஒரு புயலின் கைவரிசையைப் பதிவுசெய்து நின்றது.

கரைக்கடல் ஆய்வின் அடிப்படைச் சிக்கல் இதில் அடங்கியிருக்கிறது. நடுக்கடலைப் போலன்றிக் கரையோர நீர் மணிக்கு மணி மாறுவது. ஓதம் ஏறி இறங்குகிறது. காற்று திசை மாறினால் ஓரிரு நாளில் மேல்நீர் விலகி அடிநீர் எழுகிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அதே பாசி இரவில் அதை உறிஞ்சுகிறது. ஒரு பெருமழை போதும், ஆற்று முகத்தில் உப்பு பாதியாகிவிடும். மாதம் ஒருமுறை படகில் போய்ப் புட்டியில் நீர் மொண்டு வரும் ஆய்வாளர் இத்தனை மாற்றத்தில் ஒரு கணத்தைப் பிடித்து வருகிறார். அதுவும் பெரும்பாலும் நல்ல வானிலையில், பகல் வேளையில். புயலிலும் நள்ளிரவிலும் நீர் மொள்ளப் போகிறவர்கள் அரிது. ஆகவே பல கரைகளில் சேர்ந்திருக்கும் தரவு அமைதியான கடலின் வரலாறாகவே இருக்கிறது. கடலுயிர்களுக்குக் கேடு விளைவதோ அமைதி குலைந்த நாட்களில். இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் நங்கூரமிட்ட மிதவைகள். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் புதிய கருவிகளையும், இத்தனை மிதவைகள் இறக்கினோம் என்ற எண்ணிக்கையையும் சொல்லி மகிழ்கிறார்கள். கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு: மிதவையின் மதிப்பு அது எத்தனை காலம் விடாமல் அளந்தது என்பதில் மட்டுமே இருக்கிறது, அந்த விடாமைக்குத்தான் யாரும் எளிதில் பணம் ஒதுக்குவதில்லை.

மீனவர்கள் போயா என்று சொல்லும் இந்தப் பொருள் பார்வைக்கு எளிமையானது. மேலே மஞ்சள் நிற உடல், சூரியத் தகடு, மின்கலம், விளக்கு, காற்றுமானி, அலைக்கம்பி. கீழே சங்கிலி, இரும்பு வடம், நைலான் கயிறு என்று இறங்கி அடித்தளத்தில் பாரமான நங்கூரம். பசிபிக் மிதவைகளுக்குப் பழைய ரயில் சக்கரங்களை அடுக்கி நங்கூரமாக்குவது வழக்கம். ரயிலுக்கு உதவாத சக்கரம் கடலுக்கு உதவுகிறது. வடத்தின் நெடுக வெவ்வேறு ஆழத்தில் உணரிகள் வெப்பம், உப்பு, ஆக்சிஜன், பச்சையம், கலங்கல், அமிலத்தன்மை ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் அளக்கின்றன. செயற்கைக்கோள் வழியாகவோ, கரைக்குப் பக்கமென்றால் கைபேசி அலைவரிசையிலோ தரவு வந்துசேர்கிறது. எல்லா மிதவைக்கும் வேலை ஒன்றல்ல. அலைமானி மிதவை ஒரு மீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள உருண்டை. அலையோடு ஏறி இறங்கி அந்த அசைவையே எண்ணாக்குகிறது. கரியமில வாயுவை அளக்கும் மிதவை, தரம் தெரிந்த வாயுவைக் கூடவே சுமந்து சென்று அடிக்கடி தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது.

தொடர்ந்து அளப்பது ஒரு வழக்கின் தீர்ப்பையே மாற்றக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹூட் கால்வாய் நல்ல சான்று. பெயரில்தான் கால்வாய்; உண்மையில் அது பனியாறு குடைந்த ஆழமான கடற்கழி. நீளம் ஏறத்தாழ 100 கி.மீ., ஆழம் சில இடங்களில் 180 மீட்டர் வரை. ஆனால் வாயருகே அடித்தளம் மேடிட்டு 50 மீட்டர் ஆழம் வரை உயர்ந்து நிற்பதால் உள்ளே போன ஆழநீர் எளிதில் வெளியேறாது. 2002, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் கழியின் தென்பகுதியில் மீன்கள் கூட்டமாகச் செத்தன. கரையோரம் முழுக்க வீடுகள். வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி. தொட்டியிலிருந்து கசியும் நைட்ரஜன் பாசியைப் பெருக்குகிறது, பாசி அழுகி ஆக்சிஜனைக் குடிக்கிறது என்பது கேட்டவுடன் நம்பத் தோன்றும் விளக்கம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் டெவோல், ஜான் நியூட்டன் ஆகியோரின் குழுக்கள் அங்கே ஓர்கா எனப்படும் மிதவைகளை நிறுத்தின. இவற்றின் சிறப்பு, உணரிகளை ஓர் ஆழத்தில் கட்டிப்போடாமல் சிறு மின்கப்பியால் மேலும் கீழுமாக இறக்கி ஏற்றுவது. ஒரே நாளில் பலமுறை, மேற்பரப்பிலிருந்து அடிவரை, நீரின் முழு அடுக்கும் பதிவாகிறது.

அந்தப் பதிவு காட்டிய கதை தொட்டிக் கதையை விடச் சிக்கலானது. கோடை முழுவதும் அடிநீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருகிறது. கோடை இறுதியில் பசிபிக்கிலிருந்து கனமான உப்புநீர் வாய்மேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்து அடியில் படிகிறது. ஏற்கெனவே அங்கிருந்த ஆக்சிஜன் வற்றிய நீர் அதனால் உந்தப்பட்டு மேலே, நடு அடுக்குக்கு வருகிறது. மேலே ஆக்சிஜன் நிறைந்த மெல்லிய அடுக்கு மட்டும் மிச்சம். மீன்கள் அதில்தான் ஒதுங்கியிருக்கின்றன. அப்போது தெற்கிலிருந்து காற்று பலமாக வீசினால் அந்த அடுக்கை வடக்கே தள்ளிவிடுகிறது, கீழிருந்த நீர் கரையோரம் எழுகிறது, மீனுக்குப் போக்கிடமில்லை. இது ஓரிரு நாளில் நடந்து முடிகிற காரியம். மாதாந்தரப் படகு மறுநாள் போயிருந்தால் செத்த மீனைப் பார்த்திருக்கும், காரணத்தைப் பார்த்திருக்காது. 2010இல் மீண்டும் அத்தகைய நிலை உருவானபோது, மிதவைத் தரவைப் பார்த்தே ஆபத்து நெருங்குவதைச் சொல்லும் இடத்தில் ஆய்வாளர்கள் இருந்தார்கள். 2012இல் மாநிலச் சூழலியல் துறையும் மத்தியச் சூழல் பாதுகாப்பு முகமையும் எல்லா ஆய்வுகளையும் திரும்பப் படித்துவிட்டு, அந்த மீன் சாவுகளுக்கு மனிதக் கழிவே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தன. கழிவுத் தொட்டிகளைச் சீர்செய்ய வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் தவறான குற்றவாளியைப் பிடித்துவைத்துக்கொண்டு மீன் பிழைக்கும் என்று காத்திருப்பது வீண். இத்தகைய ஆய்வுகளைச் சூழல் ஆர்வலர்கள் சில நேரம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். மாசுபடுத்துகிறவர்களுக்கு இது தப்பிக்க வழி தரும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் அதே தொடர் பதிவுதான் நாளை மனிதக் கழிவின் பங்கு கூடினால் அதையும் மறுக்க முடியாதபடி காட்டும்.

ஹூட் கால்வாய்க்குத் தெற்கே ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்னும் சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. மேற்குக் கரைச் சிப்பிப் பண்ணைகள் பல, வித்துக்கு அதை நம்பியிருப்பவை. 2007 முதல் அங்கே சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் சந்தேகம் ஒரு பாக்டீரியா மேல் விழுந்தது, நீரைச் சுத்திகரிக்கக் கருவிகள் வாங்கினார்கள், சாவு நிற்கவில்லை. வடக்கிலிருந்து காற்று வீசி ஆழநீர் மேலெழும் நாட்களும் குஞ்சுகள் சாகும் நாட்களும் ஒன்றையொன்று ஒட்டி வருவது பிறகுதான் புலப்பட்டது. ரிச்சர்ட் ஃபீலி குழுவினர் 2007இல் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும் அளவுக்கு அமிலம் கூடிய நீர் அந்தக் கரையின் ஆழமற்ற பகுதிகளுக்கே வந்துவிட்டதைக் காட்டியது. அந்த நீர் சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் காற்றைத் தொட்டுவிட்டு ஆழத்தில் இறங்கியது. அதாவது இன்று சிப்பியைக் கொல்வது அன்றைய கரியமில வாயுவும் சேர்ந்தது; இன்றைய வாயுவின் கணக்கு இனிமேல்தான் வரவிருக்கிறது. 2010இல் அமெரிக்க அரசு பொரிப்பகங்களில் கண்காணிப்புக் கருவிகளுக்காக ஏறத்தாழ 5 லட்சம் டாலர் ஒதுக்கியது. கடலில் நிற்கும் மிதவை ஆழநீர் எழுவதை முதலில் சொல்லும். பொரிப்பகத்துக் குழாயில் பொருத்திய கருவி வந்துசேர்ந்ததை உறுதிப்படுத்தும். அதற்கேற்ப நீரெடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். கடற்புற்கள் பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சியபின், பிற்பகலில் நீரெடுப்பது நல்லதென்று கண்டார்கள்; தேவையானபோது சோடா உப்பைச் சேர்த்து அமிலத்தைத் தணித்தார்கள். தொழில் பிழைத்தது. கடலைத் திருத்த முடியவில்லை. எப்போது குழாயைத் திறக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் மிதவையை ஒரு காவலாளியாகக் காட்டுகின்றன. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, அது மிக மெதுவானது. கடலின் அமிலத்தன்மை உலக அளவில் எப்படி மாறுகிறது என்று கண்காணிக்கும் கூட்டமைப்புக்காக ஜான் நியூட்டன் தலைமையில் எழுதப்பட்ட திட்ட ஆவணம் அளவீட்டில் இரண்டு தரங்களைப் பிரிக்கிறது. அமிலக்காரக் குறியீட்டை (pH) 0.02 துல்லியத்தில் அளந்தால் அது வானிலைத் தரம். இன்று நீர் எப்படி இருக்கிறது என்று சிப்பிக்காரருக்குச் சொல்லப் போதும். 0.003 துல்லியம் வேண்டும் என்பது காலநிலைத் தரம், ஆண்டுக்கு 0.002 என்ற அளவில் நகரும் மாற்றத்தைப் பிடிக்க அது வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு 40 மிதவைகளின் பதிவுகளைச் சேர்த்து, மனிதன் உண்டாக்கிய மாற்றம் இயற்கை ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிந்து தெரிய எத்தனை ஆண்டுப் பதிவு வேண்டும் என்று கணக்கிட்டது. திறந்த பெருங்கடலில் 8 முதல் 15 ஆண்டு. கரையோரத்தில் 16 முதல் 41 ஆண்டு. கரைக்கடலின் இயல்பான ஆட்டமே பெரிது என்பதால் அதன் கீழே ஓடும் மெல்லிய சரிவைப் பிரித்தெடுக்க ஒரு தலைமுறை ஆகிறது. ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் வருவதோ மூன்று ஆண்டுக்கு, மிஞ்சினால் ஐந்து ஆண்டுக்கு. என் வாதத்தின் கனமெல்லாம் இந்த இரண்டு கணக்குகளின் பொருந்தாமையில்தான் இருக்கிறது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வானத்திலிருந்து ஒரே பார்வையில் முழுக் கரையும் தெரிகிறது, மீனவர் கையில் மாட்டாது, பாசி பிடிக்காது. ஆனால் அது பார்ப்பது கடலின் தோலை. நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் காணும். பத்து மீட்டர் கீழே ஆக்சிஜன் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடும்; இந்தியாவின் மேற்குக் கரையில் ஆழநீர் எழுவதும் அதே காலத்தில்தான். 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. அப்பகுதி மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீருக்கடியில் ஆய்ந்தபோது சிங்கிள் தீவருகே பவளங்கள் செத்திருந்தன. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. பச்சை நிறத்தை வானிலிருந்து படம்பிடிக்கலாம். பவளம் மூச்சு முட்டியதை நீருக்குள் இருக்கும் கருவிதான் அறியும். கணினி மாதிரிகளைக் காட்டி எழுப்பும் ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: மாதிரி சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதை வைத்துக்கொள்வது?

ஒரு மிதவை ஒரே புள்ளியைத்தானே அளக்கிறது என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது; அதை முழுமையாக மறுக்க என்னால் இயலாது. ஹூட் கால்வாயிலேயே ஹூட்ஸ்போர்ட் மிதவையும், கழி வளைந்து திரும்பும் கோடியிலுள்ள ட்வானோ மிதவையும் ஒரே நாளில் வெவ்வேறு நிலையைக் காட்டக்கூடும். தவறான இடத்தில் கட்டிய மிதவை தவறான செய்தியை மிகத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். எனவே கப்பலும் வேண்டும், நீரினுள் நீந்திச் செல்லும் தானியங்கிக் கருவிகளும் வேண்டும். மிதவையின் இடத்தை அவற்றின் உதவியோடுதான் தேர வேண்டும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளலாம். கோவாவுக்கு அருகே காண்டோலிம் கரைக்கு எதிரே தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1997 முதல் ஒரே இடத்துக்குப் படகில் போய்ப் போய் அளந்து வருகிறார்கள். அங்கே மிதவை என்று பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் இந்திய மேற்குக் கரையின் ஆக்சிஜன் குறைவைப் பற்றி நாம் அறிந்ததில் அந்தப் பொறுமையான பயணங்களுக்குப் பெரும் பங்குண்டு. இது என் வாதத்துக்கு எதிரானதல்ல. தொடர்ச்சி இருந்தால் படகும் சாதிக்கும். அது இல்லையென்றால் மிதவையும் மிதக்கும் பொம்மை.

தொடர்ச்சியைக் கெடுப்பவற்றில் முதலாவது கடலேதான். வெப்பக் கடலில் இறக்கிய உணரியின் மேல் சில வாரங்களிலேயே வழுக்குப் பாசி படிகிறது. பிறகு கொட்டலசு, சிப்பி, குழற்புழு. ஆக்சிஜன் உணரியின் கண்ணாடி மேல் பாசி வளர்ந்தால் அது கடலின் ஆக்சிஜனை விட்டுத் தன் மேலுள்ள பாசியின் ஆக்சிஜனை அளந்துகொண்டிருக்கும். செம்புத் தகடு போர்த்துகிறார்கள், துடைப்பான் பொருத்துகிறார்கள். கடைசியில் ஆள் போய்ச் சுரண்டித்தான் ஆகவேண்டும். உணரி திடீரென நின்றுபோனால் கவலையில்லை, வெற்றிடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மெல்ல மெல்லப் பிசகும் உணரிதான் ஆபத்து. அதன் பிசகு காலநிலை மாற்றத்தைப் போலவே அழகான சாய்கோடாக வரைபடத்தில் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பக்கத்திலேயே புட்டியில் நீரெடுத்து ஆய்வகத்தில் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மிதவை மனித உழைப்பைக் குறைக்கும் என்று சொல்லி நிதி கேட்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். உழைப்பு குறைவதில்லை, கப்பல் தளத்திலிருந்து பணிமனைக்கும் தரவுத் திரைக்கும் இடம் மாறுகிறது.

இரண்டாவது கேடு பணம். எல் நினோவைக் கண்காணிக்கப் பசிபிக்கின் குறுக்கே நிறுவிய மிதவை வரிசை கடலியலின் பெருமைகளில் ஒன்று. 1982–83 எல் நினோ யாரும் எதிர்பாராமல் வந்து அறைந்தபின் எழுப்பப்பட்டு, 1994இல் ஏறத்தாழ 70 மிதவைகளோடு முழுமையடைந்தது. 2012இல் அவற்றைப் பராமரிக்கவென்றே இருந்த காய்மிமோவானா கப்பலை அமெரிக்கா செலவைக் குறைக்க நிறுத்தியது. இரண்டே ஆண்டில் அமெரிக்கப் பொறுப்பிலிருந்த மிதவைகளிலிருந்து வரவேண்டிய தரவில் பாதிகூட வரவில்லை. மிதவைகள் இருந்தன, அவற்றிடம் போகக் கப்பல் இல்லை. செல்வம் மிகுந்த நாட்டிலேயே இப்படி என்றால், புதிய மிதவை இறக்கும் விழாவுக்கு அமைச்சர் வருவதும் அதன் உணரியை மாற்றும் பயணத்துக்குக் கோப்பு நகராததும் மற்ற இடங்களில் வியப்பில்லை.

மூன்றாவது, மனிதர்கள். இந்தியாவின் தரவு மிதவைத் திட்டம் 1996இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கியது. பள்ளிக்கரணையிலிருந்து நடத்தப்படும் அந்த மிதவைகளின் தரவு ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையத்துக்குப் போய்ப் புயல், அலை முன்னறிவிப்புகளுக்கு உதவுகிறது. கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அருகே கரைநீரின் தரத்தை அளக்கும் மிதவைகளும் வந்துவிட்டன. இவற்றில் பலவும் சேதமடைகின்றன: சூரியத் தகடு போகிறது, அலைக்கம்பி முறிகிறது, வடம் அறுந்து மிதவை அலைகிறது. அதிகாரிகள் இதை நாசவேலை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான் அது. மிதக்கும் எந்தப் பொருளின் நிழலிலும் மீன் சேரும். தென்னங்கீற்றையும் மரக்கிளையையும் கட்டி இறக்கி மீன் திரட்டுவது சோழமண்டலக் கரையின் பழைய வழக்கம். நடுக்கடலில் சூரை மீன் திரண்டு நிற்கும் ஒரு போயாவைப் பார்த்தபின் படகைத் திருப்பிக்கொண்டு போ என்றால் யார் போவார்கள்? படகைக் கட்டினால் வடம் தேய்கிறது, தூண்டில் கயிறு உணரியில் சிக்குகிறது. கெடுக்கும் எண்ணம் இல்லாமலே கெடுகிறது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2011இல் தரவு மிதவையைச் சுற்றி ஒரு கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாதென்று விதித்தது. கரையிலிருந்து பல நாள் ஓட்டத்தில் அந்த ஒரு மைலை யார் காவல் காப்பது என்பதை விதி சொல்லவில்லை.

வாஷிங்டன் கரையில் லா புஷ் என்ற ஊருக்கு எதிரே 2010இல் நிறுத்தப்பட்ட மிதவைக்குச் சாபா என்று பெயர். அந்தக் கரையின் பழங்குடியினரான குவிலியூட் மக்களின் மொழியில் அதற்குத் திமிங்கலத்தின் வால் என்று பொருள். பெயர் வைத்தால் மட்டும் மிதவை பிழைத்துவிடாது. ஆனால் அங்கே சிப்பிக்காரர் ஒருவர் காலையில் திரையைத் திறந்து இன்ன மிதவையில் இன்ன அளவு என்று பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறார். எண் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். நம் கரையிலும் மிதவையின் பலன் மீனவருக்கு வராமலில்லை. அலை உயரமும் காற்று வேகமும் குறுஞ்செய்தியாகவும் வானொலி வழியாகவும் வருகின்றன, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி போன்றவை அதைக் கைபேசியில் தருகின்றன. ஆனால் நீவாடு என்னும் நீரோட்டத்தையும் வாடைக்காற்றையும் தன் உடம்பால் அறிந்த ஒருவருக்கு, எங்கோ ஓர் அலுவலகம் அனுப்பும் பொதுவான எண்ணுக்கும், தான் போன வாரம் படகைக் கட்டிய மஞ்சள் போயாவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றக் காரணமில்லை. விதிகளையும் விழிப்புணர்வுக் கூட்டங்களையும் கூட்டுவதற்கு முன் எளிதான ஒன்றைச் செய்து பார்க்கலாம்: முன்னறிவிப்புச் செய்தியின் கீழே, இன்று காலை 6 மணிக்கு இன்ன இடத்திலுள்ள இன்ன போயா அளந்தது என்று ஒரு வரி.